முத்திரையும் துளையும்

பரணில் கிடந்த ஒரு பழைய லீவர் துப்பாக்கி ஒருவர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வைத்திருந்ததாக இருக்கலாம், ஏலத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். விசைக்குக் கீழே இருக்கிற வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும் வகை. கௌபாய் படங்களில் எல்லாரும் பார்த்ததுதான். குழலின் மேல் பொறித்திருந்த எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. அவர் கேட்பது ஒரே கேள்வி: "இதோட உண்மையான காலிபர் என்ன?" அதற்கு ஒரு எண் பதிலாக இருக்கிறது, தெரிந்தவர் யாராவது அதைச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையோடுதான் கேட்கிறார்.

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் இருக்கிற நாட்டில் தொடுகிற ஆசையும் இல்லை. ஆனால் துளை அளப்பது என் பிழைப்பு. பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. காலை ஷிஃப்டில் உட்கார்ந்து உலோகத்தில் போட்ட துளைகள் வரைபடத்தில் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். மைக்ரோன் கணக்கில் கூடினால் சிவப்பு அட்டை, குறைந்தாலும் சிவப்பு அட்டை. அதனால் இந்தக் கேள்வியில் என்னை நிறுத்தியது துப்பாக்கி இல்லை, 'உண்மையான' என்ற அந்தச் சொல். ஒரு துளைக்கு அளவு இருக்கும். உண்மையான அளவு என்று தனியாக ஒன்று எங்கிருந்து வந்தது?

பெயர்களிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. காலிபர் என்றால் குழலின் உள்விட்டம். அங்குலத்தில் சொல்வது ஆங்கிலேய, அமெரிக்க வழக்கம். வின்செஸ்டர் 1873 மாடலுக்கு வந்த தோட்டாக்களில் ஒன்று .38-40. பின்னால் வரும் 40 கருமருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். முன்னால் வரும் 38 விட்டமாக இருக்க வேண்டும். குண்டை எடுத்து அளந்தால் .401 அங்குலம் காட்டும். அதாவது 38 என்று பேர் வைத்த 40. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டு .311 அங்குலம். அமெரிக்க .308இன் குண்டு .308 அங்குலம். பெயரில் சின்னது அளவில் பெரிசு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள், குண்டைச் சுழல வைக்க. பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே மேடு. .303 என்பது மேட்டுக்கு மேடு அளந்தது, .308 என்பது பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தது. 12-போர் துப்பாக்கிக்கு வந்தால் கணக்கே வேறு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவோ அவ்வளவு துளை. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்.

ஆக, முத்திரையை ஒழுங்காகப் படித்துவிட்டால்கூட அளவு தெரிந்துவிடாது. தெரிவது ஒரு பெயர் மட்டும்தான்.

பெயரை நம்ப முடியாதபோது என்ன செய்வார்கள்? இரண்டு வழி உண்டு, இரண்டுமே எனக்குச் சொந்தக்கார வேலை மாதிரி இருக்கிறது. முதல் வழி, மெல்லிய சுத்த ஈயத்தில் துளையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையை எண்ணெய் தடவிக் குழலின் வாயில் வைத்து, கட்டையால் தட்டி, முழு நீளமும் தள்ளி வெளியே எடுப்பது. மேடும் பள்ளமும் ஈயத்தில் அச்சாக விழுந்திருக்கும். அதை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பள்ளங்கள் இரட்டைப்படையில் இருந்தால் பள்ளத்துக்கு எதிரே பள்ளம் வரும், நேராக அளந்துவிடலாம். பழைய என்ஃபீல்டு ரைஃபிளில் மூன்று பள்ளம், லீ-என்ஃபீல்டில் ஐந்து, மார்டினி-ஹென்றியில் ஏழு. ஒற்றைப்படை. பள்ளத்துக்கு எதிரே மேடு வரும். சாதாரண மைக்ரோமீட்டர் ஒரு எண்ணைத் தயங்காமல் காட்டும்; அந்த எண் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இதற்கென்று ஆங்கில 'வி' எழுத்து மாதிரி தாடை வைத்த மைக்ரோமீட்டர் இருக்கிறது. மூன்று பள்ளத்துக்கு ஒரு கோணம், ஐந்துக்கு வேறு கோணம். அதாவது எத்தனை பள்ளம் என்று எண்ணத் தெரியாமல் அளக்கப் போனால் கருவி துல்லியமாகத் தப்புச் சொல்லும்.

இரண்டாவது வழி தோட்டா உட்காரும் அறையை வார்த்து எடுப்பது. செரோசேஃப் என்று ஒரு கலப்பு உலோகம். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம். 70 முதல் 88 டிகிரிக்குள் உருகிவிடும், கொதிக்கிற தண்ணீரே போதும். அறைக்கு முன்னால் துணியால் அடைத்துவிட்டு ஊற்றி, உறைந்ததும் தள்ளி எடுத்தால் அறையின் உருவம் கையில். ஆனால் உடனே அளக்கக் கூடாது. முதல் அரைமணி நேரம் அது சுருங்கும், பிறகு விரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் அளவுக்கு வந்து சேரும். அதோடு நிற்காமல் மெல்ல வளர்ந்து, சில நாட்களில் அறையைவிடப் பெரிதாகிவிடும். ஒரு மணி நேரத்தில் கேட்டால் சரியாகச் சொல்லும் சாட்சி. முன்னால் கேட்டாலும் பின்னால் கேட்டாலும் வேறு கதை.

தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு, வேறு மொழியில் இவ்வளவு இயல்பாக அமையுமா என்று தெரியவில்லை. அளவை என்ற சொல்லே நமக்கு இரண்டு வேலை செய்கிறது. மரக்காலும் முழக்கோலும் அளவை. ஒன்றை உண்மை என்று அறிகிற வழிக்கும் அளவை என்றுதான் பெயர். மணிமேகலையில் சமயக்கணக்கர்களைக் கேட்கப் போகும் காதையில் அளவைவாதி ஒருவன் அளவைகளை வரிசையாக அடுக்குவான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை எழுதும்போது அளவையோடுதான் ஆரம்பிக்கிறார். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடலாம் என்பது அவர் பக்கம். கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொன்னதை ஏற்பது.

பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இந்த மூன்றையும்தான் செய்கிறார். ஈய உருண்டை காண்டல். குறிக்கட்டையின் வகை, குழலின் கனம், சோதனைச்சாலை அடையாளம், மரத்தின் வெட்டு எல்லாவற்றையும் வைத்து இது இந்தக் காலத்தது, அப்போது இன்ன தோட்டாதான் இருந்தது என்பது கருதல். குழல் மேல் இருக்கிற முத்திரை உரை. சித்தியாருக்கு உரை என்றால் குறையே இல்லாத இறைவனின் வாக்கு, அதனால் அதற்குத் தனி இடம். தொழிற்சாலை முத்திரைக்கு அந்த இடத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் தூக்கி எறியவும் முடியாது.

ஏன் முடியாது என்றால், நம் வாழ்க்கை பெரும்பாலும் உரையில்தான் ஓடுகிறது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போது யாரும் கப்பலின் அடித்தட்டைத் தட்டிப் பார்ப்பதில்லை. மாத்திரை அட்டையில் 500 என்று போட்டிருந்தால் 500. எல்லாவற்றையும் நானே அளந்துதான் நம்புவேன் என்று ஒருவன் கிளம்பினால் அவனைத் தத்துவவாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். கேள்வி, எப்போது அளக்க வேண்டிய கடமை வருகிறது என்பது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் டெக்னீஷியன் அண்ணன் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார், கேட்காமலே. சப்ளையரிடமிருந்து வந்த பெட்டியின் லேபிளைப் பார்த்து நான் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். "லேபிள் ஒட்டுன அன்னிக்கு அது உண்மைதான் தம்பி. இன்னிக்கும் உண்மையான்னு பெட்டிய தொறந்தாதான் தெரியும்லா" என்றார். நடுவில் எத்தனை கை மாறியிருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு. முத்திரை குத்தியவன் நேர்மையானவனாகவே இருந்தாலும் அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவன் ஜாமீன் இல்லை.

பழைய துப்பாக்கி என்பது கை மாறியே வந்த பொருள். தேய்ந்த துளையைப் பெரிதாக்கி வேறு தோட்டாவுக்கு மாற்றியிருப்பார்கள், உள்ளே புதுக் குழாய் செருகியிருப்பார்கள், அறையை மட்டும் ஆழமாக்கியிருப்பார்கள். மேலே இருக்கிற எழுத்து அப்படியே இருக்கும். தப்பினால் வருவது எண் தவறு மட்டும் இல்லை. 20-போர் தோட்டா 12-போர் குழலுக்குள் வழுக்கி முன்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னால் பார்த்தால் அறை காலி. இன்னொரு 12-போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதனால்தான் 20-போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வழக்கமாயிற்று.

அளவு பொருந்தினாலும் பத்தாது என்பது இன்னும் மோசம். 1873இல் வந்த .45-70 இன்றும் தயாராகிறது. இன்றைய பலமான துப்பாக்கிகளுக்கென்று அழுத்தம் கூட்டிச் செய்த தோட்டாவும் அதே நீளம், அதே விட்டம். கருமருந்துக் காலத்து இரும்பில் சிக்கலே இல்லாமல் உட்காரும். அதுதான் சிக்கல். துளையை அளந்தவன் சரியாகத்தான் அளந்திருப்பான்; இரும்பு எவ்வளவு தாங்கும் என்று துளை சொல்லாது. இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் சோதனைச்சாலைகளின் முத்திரைக்கு மதிப்பு வந்தது இதனால்தான். செய்தவனும் இல்லை, விற்றவனும் இல்லை, மூன்றாவது ஆள் ஒருவர் வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்துக் குத்துகிற அடையாளம். 1875க்குப் பிறகு சில வருஷம், வாய்ப்பக்கம் குறுகலாகச் செய்த குழல்களில் 'பந்துக் குண்டுக்கு ஆகாது' என்று ஆங்கிலத்தில் பொறித்தார்கள். எனக்குத் தெரிந்த முத்திரைகளில் மிக நேர்மையானது அது. தன்னால் என்ன முடியாது என்று சொல்கிற லேபிளை நான் என் வேலையில் ரொம்பக் குறைவாகத்தான் பார்க்கிறேன்.

இதுவரைக்கும் எல்லாம் பாதுகாப்பு விஷயம். ஒழுங்காக அள, சந்தேகப்படு, அடுத்தவன் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கப்போவதை லேபிளை மட்டும் பார்த்துக் கையில் கொடுக்காதே. இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு பயிற்சிக் கையேடு. என்னை உண்மையிலேயே தொந்தரவு செய்தது 1858இல் நடந்த ஒரு வேலை.

1857 எல்லாருக்கும் தெரியும். பிரிட்டிஷார் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளை இந்தியப் படைகளுக்குக் கொண்டுவந்தபோது, அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற வதந்தியில் பற்றிக்கொண்டது. பள்ளிப் பாடம் அங்கே நின்றுவிடும். அடுத்து அந்த ரைஃபிளுக்கு என்ன ஆயிற்று என்று பாடத்தில் வராது.

1853 மாதிரியின் துளை .577 அங்குலம், மூன்று சுருள் பள்ளம். அதன் குறிக்கட்டை 900 கெஜம் வரைக்கும் அதற்கு மேலும் ஏற்றிக் குறிபார்க்கிற மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தாவல். அதற்கு முந்தைய வழுவழுப்பான குழல் மஸ்கெட்டில் 100 கெஜத்தைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. கலகம் அடங்கிய பிறகு, இந்தியச் சிப்பாய்க்கு இனி இந்த ரைஃபிள் கிடையாது என்று முடிவானது. ஆனால் புதுசாக ஒன்றை வடிவமைக்கவில்லை. என்ஃபீல்டின் குழலை எடுத்து, சுருள் பள்ளங்கள் போகும் வரைக்கும் உள்ளே குடைந்து .656 அங்குலமாக ஆக்கினார்கள். பள்ளம் இல்லை, சுழற்சி இல்லை, தூரம் இல்லை. ஏற்றி இறக்குகிற குறிக்கட்டைக்குப் பதிலாக அசையாத ஒரு கட்டை. 1858 மாதிரி மஸ்கெட் என்று பெயர். வெளியே பார்த்தால் அதே நீளம், அதே மூன்று வளையம், அதே மரம், அதே பயோனெட். அணிவகுப்பில் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக்காரச் சிப்பாய் தோளில் இருப்பதும் இந்தியச் சிப்பாய் தோளில் இருப்பதும் ஒன்றுதான்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் பழக்கம். .656இலிருந்து .577 போனால் .079 அங்குலம். இரண்டு மில்லிமீட்டர். இரண்டு பக்கச் சுவருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர். ஒரு சாம்ராஜ்யத்தின் அவநம்பிக்கை ஒரு மில்லிமீட்டர் கனம். அதையும் இரும்பு சரியாகத் தாங்கவில்லை. சுவர் மெலிந்து குழல்கள் உப்பின என்று 1859 மாதிரியில் ஆரம்பத்திலிருந்தே கனமான குழலாகச் செய்தார்கள். தவறு திருத்தப்பட்டது. எந்தத் தவறு என்று பாருங்கள்.

வெளித்தோற்றத்தை ஏன் அப்படியே விட்டார்கள்? ஏமாற்றத்தான் என்று எழுதிவிட்டால் கட்டுரைக்குச் சூடு வரும். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே அச்சு, ஒரே மரக்கட்டை வரைபடம், ஒரே பயோனெட், ஒரே உதிரி பாகங்கள். செலவு மிச்சம். ஏற்கெனவே ஓடுகிற லைனில் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றுவது எந்த எஞ்சினியரும் முதலில் சொல்லும் யோசனை, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சுட்டுப் பார்த்த எந்தச் சிப்பாய்க்கும் வித்தியாசம் முதல் நாளே தெரிந்திருக்கும். ரகசியம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் இதில் பொய் எங்கே? இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் குழலைக் குடைந்த தொழிலாளி சுத்தமாகத்தான் குடைந்திருப்பான். அவனுக்குப் பக்கத்தில் என்னை மாதிரி ஒருவன் அளவுகோலோடு நின்றிருப்பான். துளைக்குள் போக வேண்டிய கேஜ் போயிற்றா, போகக் கூடாத கேஜ் நின்றதா என்று பார்த்து அடையாளம் குத்தியிருப்பான். அவன் சொன்னது முழு உண்மை. .656 என்றால் .656. என் தொழில் எதையெல்லாம் உண்மை என்று மதிக்கிறதோ அதெல்லாம் அந்த மேசையில் குறையில்லாமல் இருந்தது. ஒருவனைக் கீழே வைப்பதற்கான அளவு துல்லியமாக அளக்கப்பட்டு, தரச்சான்று பெற்று, பெட்டியில் ஏறியது. காண்டல் சரி, கருதல் சரி, உரையும் சரி. மூன்று அளவையும் தேறிய பொருள்.

அதனால்தான் இப்போது ஒருவர் அந்த மஸ்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உண்மையான காலிபர் என்ன என்று கேட்டால் .656 என்ற பதில் எனக்குப் போதவில்லை. .577 என்றால் அது தப்பு, யாராவது சாகக்கூடிய தப்பு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பொருள் என்ன என்று தெரிகிறது. .577ஆகப் பிறந்து .656ஆக ஆக்கப்பட்டது. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மில்லிமீட்டர் வெற்றிடத்தில்தான் வரலாறு இருக்கிறது, இரும்பில் இல்லை.

இந்தச் சம்பவம் தனியாக நிற்கவில்லை. அதற்குப் பிறகும் இந்தியப் படைக்கு ஆயுதம் ஒரு தலைமுறை பின்னால்தான் வந்தது. பிரிட்டிஷ் துருப்புகள் 1871இல் ஏற்ற மார்டினி-ஹென்றிக்குப் போன பிறகு ஸ்னைடர், அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்குப் போன பிறகு மார்டினி. இந்த மார்டினியும் ஒரு லீவர் துப்பாக்கிதான், வின்செஸ்டர் மாதிரி குழலுக்கடியில் தோட்டாவை அடுக்கி வைக்காது. ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதன் தோட்டாவின் பெயரே இரட்டை எண்: .577/450. .577 ஸ்னைடர் தோட்டாவின் உடம்பு, .450க்குக் குறுக்கிய கழுத்து. பின்னாளில் இவற்றில் பலவற்றைக் குழல் மாற்றி .303 ஆக்கினார்கள், மார்டினி-என்ஃபீல்டு என்று. லீவரும் உடம்பும் அதேதான், துளை வேறு. பழைய பொருள் கடையில் லீவரை மட்டும் பார்த்து .450 என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள்.

பிறகு .410. லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் சுருள் பள்ளத்தை எடுத்து, .410 அங்குலத்துக்கு வழுவழுப்பாக்கி, தோட்டாப் பெட்டியை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கி இந்தியப் போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். அதன் தோட்டா .303இன் கூட்டைக் கழுத்து குறுக்காமல் நேராக விட்டது. கடையில் விற்கிற .410 தோட்டா வேறு. எகிப்தியப் போலீசுக்கென்று டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் கம்பெனி செய்த துப்பாக்கி இன்னும் ஒரு படி மேலே போனது. மார்டினி லீவர்தான். யாரும் பயன்படுத்தாத 14-போர் அளவில் செய்தார்கள், திருடிக்கொண்டு போனாலும் தோட்டா கிடைக்காதே என்று. ஆட்கள் 16-போர் தோட்டாவில் காகிதம் சுற்றிப் போட்டுச் சுட்டுவிட்டார்கள். உடனே கழுத்து குறுகிய தனித் தோட்டாவும், மூன்று முனை வைத்த ஊசியும் வந்தன. இந்தக் காகிதம் சுற்றிய ஆளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வருகிறது. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாவுக்குத் தடை வந்தபோது, யானை சுடப் போகிற துரைகளுக்காக லண்டன் கடைகள் .465, .470 என்று புது அளவுகளை இறக்கின. சட்டத்தைத் தாண்டவே பிறந்த எண்கள். இன்றைக்கும் இந்தியாவில் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்கு விற்கும் ரைஃபிள் .315; ராணுவத்தின் .303 தனியாருக்கு ஆகாது. ஓர் எண்ணைக் கேட்டால் இயற்பியல் பதில் சொல்லும் என்று நினைக்கிறோம், பாதி நேரம் பதில் சொல்வது உள்துறை.

காலிபர் என்ற சொல்லை மனிதர்களுக்கும் போடுகிறோம். இன்டர்வியூவில், "நாங்க ஹை காலிபர் ஆளுங்களத்தான் தேடுறோம்" என்பார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டம் என்று தெரிந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கண் ஒரு நொடி ரெஸ்யூமேயின் அடுத்த வரிக்குப் போவதைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறைய பேர் இருப்பீர்கள். அதைப் பற்றி அதிகம் புலம்ப எனக்கு விருப்பமில்லை. முத்திரை தப்பு என்றால் வேலையில் காட்டிவிடலாம், ஈய உருண்டை நம் கையிலேயே இருக்கிறது.

அந்த வசதி எல்லாருக்கும் இல்லை. எங்கள் வரிசையில் ஒரு பாட்டி இருந்தார். தோட்டத்தில் பிறந்தவர், தோட்டத்திலேயே பால் வெட்டியவர், சாகும் வரைக்கும் சிவப்பு ஐ.சி. இந்த மண்ணைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர் நிரந்தரவாசிதான், பிரஜை இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லை. அவர் இங்கே பிறந்தார் என்பதைக் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இங்கே துளையை அளக்க வழியே கிடையாது, உரை மட்டும்தான் அளவை, உரைப்பவர்களும் இல்லை. எஞ்சியது அட்டையில் இருந்த நிறம். துப்பாக்கிக்கு முத்திரை பொய் சொன்னால் வார்த்து எடுத்துப் பார்க்கலாம். பாட்டிக்கு அந்த ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டிப்போயிருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மாற்றப்பட்ட பழைய துப்பாக்கிகளை வாங்கி மறுபடியும் 'அசலாக' ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். குடைந்த குழலுக்குள் சுருள் பள்ளம் வைத்த புதுக் குழாயைச் செருகி, பழைய முத்திரைக்குப் பொருந்துகிற அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வேலை நன்றாகவே இருக்கும். சுடுவதற்கு என்றால் எனக்கு மறுப்பில்லை, அதற்குரிய சோதனை முடிந்திருந்தால் சரி. ஆனால் 1858 மஸ்கெட்டை அப்படி ரைஃபிளாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து '.577' என்று சீட்டு எழுதினால், உலகத்தில் எந்த இந்தியச் சிப்பாயிடமும் இல்லாமல் ஆக்கப்பட்ட ஒன்றை அவன் கையில் இருந்ததாகக் காட்டுகிறோம். அவனுக்குச் செய்ததை நாம் இன்னொரு தடவை குடைந்து எடுக்கிறோம், இந்த முறை அன்போடு.

ஜார்ஜ்டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ரம்பை பீரங்கி இருக்கிறது. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது, அவர்களுடைய வி.ஓ.சி. சின்னத்தோடு. ஜோகூர் சுல்தானுக்குப் போய், 1613இல் ஆச்சேகாரர்கள் பிடித்து, 1795இல் சிலாங்கூருக்குக் கொடுத்து, 1871இல் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டது. குழந்தை வேண்டும் என்று அதில் பூ வைத்துக் கும்பிடுகிற பழக்கமும் வந்தது. நல்லவேளையாக ஒருவரும் அதை 1603க்குத் திருப்பிக் கொண்டுபோக நினைக்கவில்லை. டச்சுச் சின்னமும் இருக்கிறது, பூவும் இருக்கிறது.

பரண் துப்பாக்கிக்காரருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் சுடுவதை நிறுத்துங்கள். தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் அறையை வார்த்து, குழலில் ஈயம் தள்ளி, இரும்பு எந்தக் காலத்தது என்றும் கேளுங்கள். இன்று அதில் எது போகும், எது போகக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி விசையில் கட்டுங்கள். மேலே தேய்ந்துகிடக்கிற எழுத்து துளையோடு பொருந்தவில்லை என்றால் அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், புதிதாக ஒன்றைப் பொறிக்கவும் வேண்டாம். யார் எப்போது எதற்காக மாற்றினார்கள் என்று தெரிந்தால் அதே சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள், பென்சிலில் வேண்டாம்.